மெஹ்பூப் பாய் பாடிய ஊர்: கேள்வி – பதில்

கேள்வி: பாட்டு என்பது பொழுதுபோக்கு. அதைக் கேட்டு ஒருவரின் நம்பிக்கை உருவாகும் என்பதெல்லாம் மிகை இல்லையா? (திருநெல்வேலி)

மாலை போட்டுச் சபரிமலை போன அனுபவம் உண்டா? இரவு நடை சாத்தும் நேரத்தில் ஒலிபெருக்கியில் ஹரிவராசனம் எழும்பும். அத்தனை கூட்டமும் கைகூப்பி அசையாமல் நிற்கும். அந்தக் குரல் யேசுதாஸுடையது. நான் இருக்கும் மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில், 1940-ல் ஒரு லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1975-ல் வந்த 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக அந்த மெட்டைப் போட்ட ஜி. தேவராஜன், தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். கிறிஸ்தவர் பாடினார், நாத்திகர் இசையமைத்தார், சினிமாவுக்காகப் பதிவானது. இன்று அது ஐயப்பனின் தாலாட்டு. நீங்கள் சொல்லும் பொழுதுபோக்குதான் அங்கே லட்சக்கணக்கானவர்களைக் கண்மூடி நிற்க வைக்கிறது.

கேள்வி: பாட்டுக்கு அவ்வளவு சக்தி என்றால், யேசுதாஸ் ஏன் குருவாயூர்க் கோயிலுக்குள் போக முடியவில்லை? (நாகர்கோவில்)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சபரிமலையில் எல்லா மதத்தவரும் போகலாம். குருவாயூரில் இந்து அல்லாதவருக்கு அனுமதி இல்லை. அவருடைய குரு செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் ஆண்டுதோறும் சங்கீத உற்சவம் நடப்பது அதே குருவாயூரில். அவர் பாடிய கண்ணன் பாடல்கள் ஒலிக்காத கடை அந்த வீதிகளில் அபூர்வம். பாட்டு பக்தர்களின் காதைத் திறந்திருக்கிறது, விதிப்புத்தகத்தைத் திறக்கவில்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1961-ல் 'கால்பாடுகள்' படத்துக்காக யேசுதாஸ் முதன்முதலில் பதிவு செய்தது, சாதி பேதமும் மதப் பகையும் வேண்டாம் என்ற ஸ்ரீ நாராயண குருவின் நாலு வரி. அந்த வரிகளோடு தொடங்கிய ஒருவரை வாசலில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி யாராவது? (கோவை)

ஆடி மாதம் உங்கள் தெரு முனையில் நின்று கேளுங்கள். மாரியம்மனை அழைக்கும் எல்.ஆர். ஈஸ்வரியின் முதல் எழுத்து லூர்து. கத்தோலிக்கக் குடும்பம். நாகூர் ஹனிஃபாவையும் மறக்க முடியாது. இறைவனிடம் கையேந்தச் சொன்ன அதே கம்பீரக் குரல்தான் தி.மு.க. மேடைகளில் கட்சிக் கொடியையும் உயர்த்திப் பிடித்தது. தொழுகைக்குப் போகாதவர்களும் மாநாட்டுக்குப் போகாதவர்களும் அவரை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மட்டாஞ்சேரி என்றால் மிளகு மூட்டையும் யூத ஆலயமும்தான் எங்களுக்குத் தெரியும். பாட்டுக்கும் அந்த ஊருக்கும் என்ன? (மதுரை)

மிளகு வந்த வழியில்தான் பாட்டும் வந்தது. சில சதுர கிலோமீட்டருக்குள் கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தக்கினி முஸ்லிம்கள், யூதர்கள், தமிழ் வண்ணார்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் குடியேறிய இடம் இது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு மொழி. கல்யாண வீட்டு இரவுகளில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழி: ஹார்மோனியம், தபலா, ஒரு பாடகர்.

அந்தப் பாடகர்களில் முதல்வர் மெஹ்பூப். 1926-ல் பிறந்தவர், பட்டாளத்தோடு தெற்கே வந்த தக்கினி முஸ்லிம் பரம்பரை. வீட்டில் உருது. பட்டாள முகாம்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் பாடிப் பழகிய தொண்டை. 1951-ல் 'ஜீவித நௌகா' படத்தில் பாடினார். 1954-ல் 'நீலக்குயில்' வந்தது. மலையாள சினிமா இந்தி மெட்டுகளைக் கடன் வாங்குவதை விட்டுத் தன் மண்ணின் மெட்டைத் தேடத் தொடங்கிய படம் அது. கே. ராகவன் இசையில் பி. பாஸ்கரன் எழுதிய காதல் பாட்டொன்றைச் சாமானிய மலையாளியின் குரலில் பாடியவர், வீட்டில் உருது பேசிய இந்த மெஹ்பூப். மலையாளிகள் எவரும் அதை வெளியார் குரலாகக் கேட்டதில்லை.

சினிமாவில் அவர் தொடர்ந்து பாடியிருக்கலாம். அவருக்குக் கல்யாண வீடுகள்தான் பிடித்தன. கூடியிருக்கும் ஆட்கள் கேட்கக் கேட்கப் பாடிக்கொண்டே போவார். கையில் வந்த காசு கையில் நிற்காது. 1981-ல் வறுமையில் இறந்தார். இன்றும் இங்கே ஒரு பெரியவரிடம் "உங்கள் ஆட்கள் யார்?" என்று கேட்டால் சாதியோ மதமோ சொல்லுமுன் "நாங்கள் கொச்சிக்காரர்கள்" என்பார். அடுத்த பேச்சிலேயே மெஹ்பூப் பாய் வந்துவிடுவார். ஒரு ஊர் தன்னை ஊராக உணர்வதற்கு ராஜா வேண்டும், கொடி வேண்டும் என்கிறார்கள். இங்கே ஒரு பாடகர் போதுமாக இருந்தார்.

கேள்வி: கஜல் மலையாளத்தில் எடுபடுமா? (புதுச்சேரி)

உம்பாயியைக் கேளுங்கள். பி.ஏ. இப்ராஹிம் என்ற மட்டாஞ்சேரிக்காரர், இளமையில் தபலா வாசித்தார், பம்பாயில் உஸ்தாத் முஜாவர் அலிகானிடம் இசை கற்றார், திரும்பி வந்து மலையாளக் கவிதைகளைக் கஜலாகப் பாடினார். உம்பாயி என்ற பெயர் இயக்குநர் ஜான் ஆபிரகாம் வைத்தது. உருதுக்காரர்களின் சொத்து என்று எண்ணப்பட்ட ஒரு வடிவம் ஒரு துறைமுகத் தொழிலாளர் பேட்டையின் சொந்தச் சரக்கானது. 2018 ஆகஸ்ட் 1 அன்று அவர் இறந்தபோது கேரளம் முழுக்க அழுதது.

கேள்வி: ஹார்மோனியம் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே? நம் பண்பாடு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (தஞ்சாவூர்)

உங்கள் கேள்வியை அகில இந்திய வானொலியும் ஒருகாலத்தில் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடையும் போட்டது. சுருதிகளின் நுட்பமும் கமகமும் அதில் வராது, அது இந்தியத்தன்மை இல்லாதது என்பது வாதம். 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. அந்த முப்பது ஆண்டுகளில்தான் மட்டாஞ்சேரிப் பந்தல்களில் ஹார்மோனியம் கோலோச்சியது. தமிழ் நாடக மேடைகளிலும் அது ஓயவில்லை. எது நம்முடையது என்று ஒரு அலுவலகம் தீர்மானித்தது. சனங்கள் அதை வாசித்தே பதில் சொன்னார்கள். கமகம் பற்றிய வாதத்தில் உண்மை உண்டு, அதை மறுக்கவில்லை. கர்நாடக மேடைக்கு அது பொருந்தாது எனலாம். 'இந்தியன் இல்லை' என்று துரத்துவது வேறு.

கேள்வி: சினிமாப் பாட்டைத் தடுத்தால் நல்ல இசை வளரும் என்று நம்புகிறேன். (கும்பகோணம்)

1950-களில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கரும் அதைத்தான் நம்பினார். வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப் போனது. நேயர்கள் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1952 இறுதியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அங்கே தொடங்கியது, இந்திக்காரர்கள் வாரந்தோறும் காத்துக் கிடந்தார்கள். நம் ஆட்கள் இலங்கையின் தமிழ் ஒலிபரப்பில் குடியேறினார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று அரசே விவித் பாரதியைத் தொடங்கி சினிமாப் பாட்டு போட வேண்டியதாயிற்று. நல்ல இசையை அடிக்கடி ஒலிக்கச் செய்யுங்கள். அது வளரும். பிறர் ரசனையைப் பூட்டி வைத்து வளர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

கேள்வி: எங்கள் நாட்டுக்கூத்து மாதிரி ஒன்று கொச்சியிலும் உண்டாமே? (யாழ்ப்பாணம்)

உண்டு, உங்களுக்கு உறவும்கூட. சவிட்டு நாடகம் என்று பெயர். கொச்சிக் கடற்கரை லத்தீன் கத்தோலிக்கர்களின் ஆட்டம். பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடுவார்கள். உடை ஐரோப்பியப் படைத்தலைவனுடையது. பாட்டின் மொழி தமிழ் கலந்தது. புகழ்பெற்ற 'காறல்மான் சரித'த்தை, அதாவது சார்லமேன் மன்னனின் கதையை, ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்று மரபு சொல்கிறது. தமிழ் தேசத்திலிருந்து வந்தவராம். அண்ணாவி என்ற பட்டத்தைப் பார்த்ததும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் யாருக்குத்தான் மெய் சிலிர்க்காது!

யார் ஆடினார்கள் என்று பாருங்கள். மீன்பிடிப்பவர்கள், சுமை தூக்குபவர்கள், தச்சர்கள். மேல்சாதியார் கோயில்களின் கூத்தம்பலத்தில் இவர்களுக்கு இடம் கிடையாது. அவர்கள் வெல்வெட்டும் கிரீடமும் அணிந்து ராஜாவாக மிதித்தபோது, புது மதம் வெறும் ஞாயிற்றுக்கிழமை வழிபாடாக இல்லாமல் ஒரு பெருமிதமாக உடம்பில் இறங்கியது. அதே நாடகத்தில் எதிரியாக வருபவர்கள் முஸ்லிம் மன்னர்கள். ஐரோப்பாவின் சிலுவைப் போர்ப் பகை போர்த்துக்கீசியக் கப்பலில் ஏறி இங்கே இறங்கியதன் அடையாளம் அது. ஆட்டத்தை நேசிக்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். மேடையில் எதிரியான முஸ்லிம்தான் வெளியே அடுத்த வீட்டுக்காரர், சேர்ந்து வலை இழுப்பவர். கொச்சியில் மேடைப் பகை தெருவுக்குள் வராமல் இருந்ததற்குக் காரணம் அந்த அன்றாடம்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: யூதர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பாட்டு? (சென்னை)

பாட்டு பெண்களிடம் இருந்தது, அதனால் தப்பித்தது. கொச்சி யூதப் பெண்களுக்கு எபிரேய வழிபாட்டுப் பாடல்களோடு மலையாளத்தில் தனியாக ஒரு பாட்டுச் செல்வம் இருந்தது. பைபிள் கதைகள், கல்யாணச் சடங்கு, ஆலயம் கட்டிய வரலாறு. கையெழுத்து நோட்டுகளில் எழுதி, தாய் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு பல நாட்டு யூதர்களிடம் உண்டு. கொச்சியில் பெண்கள் சபையில் கூடிப் பாடினார்கள்.

1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள். அங்கே எல்லோரும் எபிரேயம் பேச வேண்டும், புது மனிதர்களாக வேண்டும். நோட்டுகள் பெட்டிக்குள் போயின. பிறகு ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள், பாட்டிமார் மீண்டும் கூடிப் பாடினார்கள். 2004-ல் எருசலேமில் ஒலித்தட்டு வந்தது. 2005-ல் ஸ்கறியா சக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்த 'கார்குழலி' நூல் மலையாளத்திலும் எபிரேயத்திலுமாக வெளியானது. எந்த அடையாளத்தை ஒரு தலைமுறை அவசரமாகக் கழற்றி வைத்ததோ, அதைப் பேரப்பிள்ளைகள் பாட்டு வழியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒப்பாரியோ நடவுப் பாட்டோ இருந்தால் இந்த வாரமே பதிவு செய்து வையுங்கள்.

கேள்வி: மலையாளப் படங்களில் கொச்சி என்றாலே அரிவாளும் கொட்டேஷன் எனும் கூலிப்படைக் கும்பலும்தானா? (சேலம்)

2007-ல் 'பிக் பி', 'சோட்டா மும்பை' இரண்டும் அடுத்தடுத்து வந்தன. ரசிகர்கள் கொண்டாடினார்கள், ஃபோர்ட் கொச்சி – மட்டாஞ்சேரிச் சந்துகளுக்கு ஒரு முகம் ஒட்டிக்கொண்டது. வடசென்னைக்கு நம் சினிமா செய்ததை நினைத்துப் பாருங்கள். வேலைக்கான நேர்காணலில் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கும் பையனுக்குத்தான் அந்த வலி தெரியும். மறுத்துப் பேசியவையும் சினிமாவிலிருந்தே வந்தன. இங்கே ராஜீவ் ரவியின் 'அன்னையும் ரசூலும்' 2013-ல், அங்கே பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014-ல். 2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியபோது, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா நிமிர்ந்து நின்றது. ஒரு பேட்டையின் பிள்ளைகளே தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர் சொன்னதுதான் முகவரியாக இருக்கும்.

கேள்வி: மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் பெரிய துப்பாக்கிச்சூடு நடந்ததாக என் தாத்தா சொல்வார். உண்மையா? (தூத்துக்குடி)

உண்மை. 1953 செப்டம்பர் 15. அப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் முறைக்குச் சாப்பா என்று பெயர். கூடியிருக்கும் தொழிலாளர் கூட்டத்தின் மேல் உலோக வில்லைகளை வீசுவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவர் உயிரிழந்தார்கள், ஆன்றணி காவலில் அடிபட்டு.

இது உங்கள் தாத்தா காதுக்கு எப்படி வந்திருக்கும்? கேரளத் தொழிலாளர் ஊர்வலங்களில் மட்டாஞ்சேரியை மறக்காதே என்று கேட்கும் ஒரு கோஷம் உண்டு. எதுகை மோனையோடு ஓடும். செய்தித்தாள் மறுநாள் பழையதாகிவிட்டது, கோஷம் ஊர் ஊராகப் போனது. கே.எம். சிதம்பரன் 'துறமுகம்' என்று நாடகம் எழுதினார். அதே பெயரில் ராஜீவ் ரவியின் படம் 2023-ல் வந்தது, திரைக்கதை சிதம்பரனின் மகன் கோபன் சிதம்பரன். ஊடகம் நம்பிக்கையை உருவாக்குகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இது. வில்லைக்காக அடித்துக்கொண்டவர்கள் பக்கத்தில் நின்று ஒரே கோஷம் போட்டபோது ஒருவரை ஒருவர் தோழராகப் பார்த்தார்கள்.

கேள்வி: பாட்டு சேர்த்து வைக்கும் என்கிறீர்கள். பிரித்துக் கொல்லவும் செய்யுமே? (கொழும்பு)

செய்யும். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையின்போது ஆர்.டி.எல்.எம். வானொலி வெறுப்புப் பேச்சுக்கு நடுவே புகழ்பெற்ற பாடகர் சிமோன் பிகிண்டியின் பாட்டுகளை ஒலிபரப்பியது. ஐ.நா. தீர்ப்பாயம் 2008-ல் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. பாட்டு எழுதியதற்காக அல்ல, வண்டியில் போய் ஒலிபெருக்கியில் கொல்லச் சொல்லி ஏவியதற்காக. பாட்டுகளிலும் இனப்பகை ஊட்டும் நோக்கம் இருந்ததாகத் தீர்ப்பாயம் கண்டது. ஆனாலும் தண்டனையைப் பேச்சின் மேல் நிறுத்தியது. அந்தக் கோடு சரியான இடத்தில் கிழிக்கப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. இல்லையென்றால் நாளைக்கு எந்த அரசும் எந்தப் பாடகரையும் உள்ளே தள்ளும்.

அதே ருவாண்டாவில் பின்னர் சமாதானத்துக்காக 'முசெகெவேயா' என்ற வானொலித் தொடர் ஒலிபரப்பானது. பெட்சி லெவி பாலக் என்ற உளவியலாளர் அதை ஓராண்டு கேட்டவர்களை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் அதிகம் மாறவில்லை. 'நம் ஊரில் மற்றவர்கள் எதைச் சரி என்று நினைக்கிறார்கள்' என்ற கணிப்பு மாறியது, அதோடு நடத்தையும் மாறியது. அவர்கள் அந்தத் தொடரைக் குழுவாகக் கூடியிருந்து கேட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். பாட்டும் ஊடகமும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றிய நம் எண்ணத்தைத்தான் முதலில் தொடுகின்றன. நல்லதற்கும் அதே வாசல், கெட்டதற்கும் அதே வாசல்.

கேள்வி: டி.வி. சீரியல் பெண்களைக் கெடுக்கிறது என்பேன். ஒப்புக்கொள்கிறீர்களா? (விழுப்புரம்)

மாட்டேன். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலக் கிராமங்களை ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். கேபிள் வந்த கிராமங்களில், கணவன் அடிப்பதை நியாயம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற ஆசையும் குறைந்தது. சீரியலின் கதை எவ்வளவு இழுவையாக இருந்தாலும், தானே சம்பாதித்துத் தானே முடிவெடுக்கும் பெண்ணை அது கூடத்துக்குக் கொண்டு வந்து காட்டிவிட்டது.

கேள்வி: என் மகன் காதில் மாட்டியதைக் கழற்றுவதே இல்லை. அவன் ரசனையை அவன் தேர்ந்தெடுக்கிறானா, செயலியா? (ஈரோடு)

இருவரும். கூடவே முகம் தெரியாத பல்லாயிரம் பேர். 2006-ல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், யாரும் கேள்விப்படாத 48 பாட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரிந்த இடங்களில் வெற்றி பெற்றது மேலும் வென்றது, எது வெல்லும் என்று கணிப்பதும் கடினமானது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் இருப்பதெல்லாம் கூட்டம் போன போக்கு.

கூட்டத்தோடு கேட்பதில் தவறில்லை. மட்டாஞ்சேரிப் பந்தலிலும் கூட்டம்தான் 'இன்னொரு தடவை' என்று கத்தியது. அங்கே கத்தியவரின் முகம் தெரியும், மதம் தெரியும், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாளை போகவும் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை காதில் மாட்டியதைக் கழற்றச் சொல்லி, அவன் பாட்டை வீட்டுக்கூடத்தில் போடச் சொல்லுங்கள். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். முகம் சுளிக்காமல்.

கேள்வி: 'மாணிக்ய மலராய பூவி' பாட்டு மத உணர்வைப் புண்படுத்தியதா? (வேலூர்)

பி.எம்.ஏ. ஜப்பார் அதை எழுதியது 1978-ல். நாற்பது ஆண்டு முஸ்லிம் கல்யாணங்களில் பாடினார்கள், யாருக்கும் புண்படவில்லை. 2018-ல் ஒரு சினிமாவில் அந்தப் பாட்டுக்கு ஒரு பெண் கண்ணடித்ததும் ஹைதராபாதில் வழக்கு. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

கேள்வி: 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' நம் 'குணா' பாட்டால்தானே ஓடியது? (திருச்சி)

பெருமைப்படுங்கள். உரிமை கொண்டாடாதீர்கள். கொச்சிக்குப் பக்கத்து மஞ்ஞும்மல் இளைஞர்கள் 1991-ல் வந்த இளையராஜா பாட்டைத் தங்கள் நட்பின் பாட்டாகவே கேட்டு வளர்ந்தவர்கள். 2024-ல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கேள்வி: மட்டாஞ்சேரிப் பக்கம் தமிழர்கள் இருக்கிறார்களா? பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியுமா? (தேனி)

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத் துணி வெளுக்கக் கூட்டி வரப்பட்டதாகச் சொல்லப்படும் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துணி துவைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுகிறார்கள். பள்ளிக்கூடம் மலையாளம். பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சினிமாப் பாட்டு தெரியும், கோயில் கொடையில் ஒலிக்கும் அம்மன் பாட்டு தெரியும். பேச்சில் தமிழ் நிற்பது அதனால்தான். பாட்டில் உள்ள தமிழ் காதலுக்கும் பக்திக்கும் போதும், அப்பன் பட்ட கஷ்டத்தை எழுதி வைக்கப் போதாது. தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்து படம் எடுத்துப் போகிறவர்களில் யாராவது அடுத்த முறை வரும்போது ஒரு கட்டு அரிச்சுவடியும் சிறுவர் கதைப் புத்தகங்களும் கொண்டு வந்தால், வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன்.